கொழும்பில் சின்னக் கடை வைத்திருப்பவர்கள் பெண் வாடிக்கையாளர்களைக் கவர என்ன செய்யலாம்?

மார்ச் 8ஆம் திகதிக்குக் கழிவு போடலாமா, பெயர்ப் பலகைக்கு ரோஸ் கலர் அடிக்கலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். கவுண்டரில் நிற்கும் பெடியன் பெண்களிடம் என்ன பேசுகிறான் என்று ஒரு நாள் பின்னால் நின்று கேளுங்கள்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் எங்கள் ஹார்ட்வெயார் கடை. அப்பாவுக்குப் பிறகு நான்தான் நடத்துகிறேன். 2021 நவம்பர், டிசம்பரில் நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்தது ஞாபகம் இருக்கும். அப்போது ஹோஸ், ரெகுலேட்டர் கேட்டு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். அடுப்படியில் நிற்பது அவர்கள்தானே. ஒரு அக்கா பழைய ஹோஸைக் கழற்றி, சொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். நுனியில் மயிரிழை போல வெடிப்பு. "இதே அளவில ஒண்டு தாங்கோ, கிளிப் எப்பிடி இறுக்கிறது எண்டும் காட்டுங்கோ" என்றார். பெடியன் ஹோஸைக் கையில் வாங்கவே இல்லை. "சாரை வரச் சொல்லுங்க மிஸ், அவருக்குச் சொல்லித் தாறேன்" என்றான். அக்காவின் கணவர் கட்டாரில். அக்கா ஒன்றும் பேசாமல் பையைச் சுருட்டினார். நான் பில் புத்தகத்தை வைத்துவிட்டு வாசலுக்கு வருவதற்குள் முச்சக்கர வண்டியில் ஏறிவிட்டார். பிறகு வரவே இல்லை.

பழைய சோனகத் தெருவுக்குச் சரக்கெடுக்கப் போன முதல் வருஷம் முழுக்க "முதலாளி வரேல்லையா?" என்று கேள்வி வாங்கியவள் நான். அதே பேச்சு என் கடைக்குள்ளேயே.

பெடியனை நிறுத்தவில்லை. பொருளைக் கையில் வாங்கிப் பார், கேட்டவருக்கே பதில் சொல் என்று பழக்கினேன். எல்லாவற்றிலும் விலை ஒட்டினோம். வாசர்களை அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்று பிரித்துத் தட்டில் வைத்தோம். அளவு தெரியாவிட்டால் படம் அனுப்பலாம். ஆனால் அந்த இலக்கம் கடைப் போனுக்கு மட்டும். இரவில் அது லாச்சிக்குள் பூட்டிக் கிடக்கும். இதைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். டெலிவரிக்குக் கொடுத்த இலக்கத்துக்கு ராத்திரி "ஹாய்" வந்து, அதோடு அந்தக் கடைப் பக்கமே போகாமல் விட்டவர்கள் என் வீட்டிலேயே இரண்டு பேர்.

ஆண்களும் அளவு தெரியாமல் வந்து நிற்பார்கள்தானே என்று சண்டைக்கு வராதீர்கள். உண்மைதான், விலை ஒட்டியதில் அவர்களுக்கும் நன்மை. ஆனால் மனைவியைக் கூட்டிக்கொண்டு வா என்று அவர்களிடம் எந்த ஹார்ட்வெயாரிலும் சொல்வதில்லை.

சரி, வாங்குகிறவளைப் பற்றிப் பேசியாயிற்று. விற்கிறவள் கதையையும் கேளுங்கள். 2019இல் கடையைப் பெருப்பிக்கக் கடன் கேட்டுப் போனேன். ஈட்டுக்கு யாழ்ப்பாணத்துச் சீதன வீட்டு உறுதி, என் பெயரில். கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்றார்கள். வங்கியைக் குறை சொல்ல முடியாது, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்குக் கட்டுப்பட்டவர்களுக்கான 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்போது அப்படி இருந்தது. என் நகையை விற்க யாரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை, என் வீட்டை ஈடு வைக்க அவரைக் கேட்க வேண்டியிருந்தது. அவர் மறுக்கிற ஆள் இல்லை. கப்பலில் வேலை, கரைக்கு வர நாலு மாதம். அதற்குள் பக்கத்துக் கடையறையை வேறு ஆள் எடுத்துவிட்டார்.