உள்ளாட்சிப் பதிவறை ஆவணங்களை மின்னணுவாக்குதல்: கேள்வி பதில்

உள்ளாட்சி அலுவலகங்களில் பணிபுரிவோர் அனுப்பிய கேள்விகளுக்கு, இத்துறையில் நெடுநாள் ஈடுபட்டுள்ள ஒருவர் எழுதிய விடைகள்.

பதிவறைப் பொறுப்பாளர்: பல பத்தாண்டுக் கோப்புகள் அறை முழுவதும் குவிந்துள்ளன. ஸ்கேனரும் வந்துவிட்டது. எந்த அலமாரியிலிருந்து தொடங்குவது?

பதில்: அலமாரிக்குப் போகுமுன் ஒரு பட்டியல் வேண்டும். கோப்பின் வகை, ஆண்டு, ஏறத்தாழ எத்தனை பக்கங்கள், தாளின் நிலை, விதிப்படி எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்ற ஐந்து விவரங்கள் போதும். அதை எழுதி முடிக்கும்போதே, காலக்கெடு கடந்த செலவுச் சீட்டுகளும் ஒரே சுற்றறிக்கையின் பத்துப் படிகளும் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்பது தெரிந்துவிடும். அவற்றை உரிய அதிகாரியின் எழுத்துபூர்வமான ஒப்புதலுடன் கழித்துவிடலாம். அவற்றை ஸ்கேன் செய்வது வீண் செலவு. எஞ்சியவற்றுள், மக்கள் நாள்தோறும் நகல் கேட்டு வரும் பிறப்பு இறப்புப் பதிவேடுகள், சொத்துவரிப் பதிவேடுகள், கட்டட அனுமதி வரைபடங்கள், மன்றத் தீர்மானப் புத்தகங்கள் ஆகியவற்றை முதலில் எடுங்கள். கை அதிகம் படுவதால் ஓரம் நைந்து கிழிபவையும் இவையே.

கணினிப் பிரிவு உதவியாளர்: 200 டிபிஐ (ஓர் அங்குலத்தில் பதியும் புள்ளிகளின் எண்ணிக்கை) போதும் என்கிறார் ஒருவர், 600 வேண்டும் என்கிறார் இன்னொருவர். எது சரி? வண்ணம் தேவையா?

பதில்: வழக்கமான எழுத்து ஆவணங்களுக்கு 300 டிபிஐ போதும். வரைபடங்களுக்கும், நுண்ணிய எழுத்துகள் நிறைந்த பதிவேடுகளுக்கும் 400 அல்லது 600. ஒரு ஏ4 தாளை 300 டிபிஐயில் எடுத்தால் 2480-க்கு 3508 என ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள் கிடைக்கும். வண்ணத்தில் அது சுருக்கப்படாத நிலையில் சுமார் 26 மெகாபைட். ஒரு லட்சம் பக்கங்களுக்கு 2.6 டெராபைட் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 600 டிபிஐ என்றால் இதைப் போல் நான்கு மடங்கு ஆகும் என்பதால், எல்லாவற்றுக்கும் அதையே கேட்பது பொருளற்றது.

வண்ணத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சிவப்பு மைத் திருத்தம், முத்திரை, ஓரத்துப் பென்சில் குறிப்பு ஆகியவை ஆவணத்தின் பொருளையே மாற்றக்கூடியவை. சாம்பல் நிழல்கூட இல்லாத வெறும் கறுப்பு வெள்ளையில் மங்கிய மையும் பென்சிலும் சுவடே இல்லாமல் போய்விடும்.

பொறியியல் பிரிவு அலுவலர்: கோப்பின் அளவைக் குறைக்க ஸ்கேனரிலேயே உயர் சுருக்கம் என்ற அமைப்பு இருக்கிறது. பயன்படுத்தலாமா?

பதில்: நிலையாகக் காக்கும் முதன்மை மின்னணுப் படியான மூலப்படிக்குக் கூடவே கூடாது. 2013-ஆம் ஆண்டு ஜெர்மனியைச் சேர்ந்த கணினியியலாளர் டேவிட் க்ரீசல் ஒரு கட்டட வரைபடத்தை நகலெடுத்தபோது, வெவ்வேறு பரப்புள்ள மூன்று அறைகளுக்கும் 14.13 சதுர மீட்டர் என்றே அச்சாகி வந்தது; மூலத்தில் மற்ற இரண்டும் 21.11, 17.42. படத்திலுள்ள எழுத்தைப் படித்துக் கணினி எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் எதுவும் அங்கு இயங்கவில்லை. ஒன்றுபோல் தோன்றும் சிறு துண்டுப் படங்களை ஒரே முறை சேமித்து, தேவைப்படும் இடத்தில் எல்லாம் அதையே ஒட்டும் ஜேபிக்2 என்ற சுருக்க முறைதான் காரணம். மங்கலான நகலைப் பார்த்தால் நமக்கு ஐயம் வரும். இதிலோ தவறான எண் பளிச்சென்று, நம்பத்தக்க வடிவில் நிற்கும். உங்கள் பிரிவில் அதுவே அனுமதி வழக்காக மாறலாம். ஆகவே எந்த விவரமும் போகாத, இழப்பில்லாத சுருக்கத்துடன் டிஃப் என்ற படக்கோப்பு வடிவில் மூலப்படியை வைத்துக்கொண்டு, அன்றாடப் பார்வைக்கு மட்டும் அதிலிருந்து சிறிய படி ஒன்றை உருவாக்குங்கள்.

வரிப் பிரிவு எழுத்தர்: சென்ற ஆண்டு ஆயிரக்கணக்கான பக்கங்களை ஸ்கேன் செய்தோம். ஆனால் கேட்ட ஆவணத்தை எடுக்க இன்றும் பழைய பதிவேட்டைத்தான் புரட்டுகிறோம்.

பதில்: உங்கள் கோப்புகளின் பெயர்கள் ஸ்கேன்0001, ஸ்கேன்0002 என்று இருக்கும் என ஊகிக்கிறேன். நான் உதவச் சென்ற ஓர் அலுவலகத்திலும் இதே கதைதான்: படம் இருந்தது, அது எந்தப் பதிவேட்டின் எந்தப் பக்கம் என்பது யாருக்கும் தெரியவில்லை, பெரும்பகுதியை மறுபடி செய்ய நேர்ந்தது. ஸ்கேன் செய்வது இப்பணியில் எளிய பகுதி. உழைப்பை வாங்குவது அட்டவணைதான்.

கோப்புப் பெயரில் பதிவேட்டுக் குறியீடு, ஆண்டு, தொகுதி, பக்க எண் ஆகியவை மட்டும் ஒரே ஒழுங்கில் இருக்கட்டும். ஆளின் பெயர், பதிவு எண், நாள், இடம் முதலியவற்றைத் தனி அட்டவணையில் ஏற்றுங்கள். முக்கியமான புலங்களை இருவர் தனித்தனியே தட்டச்சு செய்து, வேறுபடும் இடங்களை மட்டும் மூலத்துடன் ஒப்பிடுவது நல்ல முறை. பெயரைப் பதிவேட்டில் உள்ளபடியே எழுதி, இன்றைய எழுத்து வடிவத்தை வேறொரு புலத்தில் கொடுங்கள். பிழை என்று கருதி அதைத் திருத்திவிடுவது ஆவணத்தைத் திருத்துவதாகும். எழுத்துணரி தெளிவான அச்சுக்கு நன்றாக உதவும், பழைய கையெழுத்துப் பதிவேடுகளில் அதை நம்பி இறங்க வேண்டாம். 47-ஆம் பக்கம் மூலத்திலேயே இல்லையென்றால் அதையும் அட்டவணையில் எழுதிவையுங்கள். எழுதாவிட்டால், பின்னாளில் ஸ்கேன் செய்தவரே தொலைத்தார் என்றாகும்.

அலுவலக மேலாளர்: எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்துள்ளோம். போதாதா?

பதில்: போதாது. டிஸ்க் எந்த முன்னறிவிப்பும் இன்றிப் பழுதாகும். மூன்று படிகள், இரண்டு வகைச் சேமிப்பு ஊடகங்கள், ஒரு படி வேறு கட்டடத்தில் என்பது பரவலாகக் கைக்கொள்ளப்படும் நெறி. அதனுடன், ஒவ்வொரு கோப்புக்கும், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிடும் எஸ்எச்ஏ-256 என்ற சரிபார்ப்பு மதிப்பைப் பதிந்துவையுங்கள். 64 எழுத்துகள் கொண்ட அம்மதிப்பு, கோப்பில் ஒரு பிட் மாறினாலும் மாறிவிடும். குறித்த இடைவெளியில் மீண்டும் கணக்கிட்டு ஒப்பிட்டால் எந்தப் படி கெட்டது என்பது அப்போதே தெரியும். பார்வைப் படிகளுக்கு, நெடுங்காலப் பாதுகாப்புக்கென்று 2005-இல் பன்னாட்டுத் தரமாக வெளியான பிடிஎஃப்-ஏ வடிவம் ஏற்றது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் காப்புப் படியிலிருந்து சில கோப்புகளை மீட்டுத் திறந்து பாருங்கள்.

இளநிலை உதவியாளர்: மழையில் சில கட்டுகள் நனைந்துவிட்டன. வெயிலில் உலர்த்தி ஸ்கேன் செய்யலாமா?

பதில்: வெயில் வேண்டாம், தாள் முறுகும், மை வெளிறும். ஏறத்தாழ இரண்டு நாளுக்குள் பூஞ்சை தொடங்கக்கூடும் என்பதால், நிழலில் மின்விசிறியை நேரே வீசவிடாமல் காற்றோட்டம் கொடுத்து, உறிஞ்சுதாள்களை இடையிட்டு மாற்றிக்கொண்டே இருங்கள். அளவு மிகுதியானால் உறைநிலையில் வைத்துவிட்டு, பிறகு சிறிது சிறிதாக உலர்த்தலாம். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரிக்க முயலாதீர்கள். துருப்பிடித்த பின்களை மெல்லக் கழற்றலாம். கிழிசலுக்கு ஒட்டுநாடாவும், பாதுகாப்புக்கு லேமினேஷனும் ஒருபோதும் கூடாது.

பதிவறைப் பொறுப்பாளர்: ஸ்கேன் முடிந்தபின் மூலத் தாள்களை அழித்து இடத்தை மீட்கலாம் அல்லவா?

பதில்: மின்னணுப் படியைச் சான்றாக ஏற்கும் சட்ட விதி அந்த வகை ஆவணத்துக்குப் பொருந்த வேண்டும், பக்கம் பக்கமாகச் சரிபார்த்த பதிவு கையில் இருக்க வேண்டும், வைப்புக் காலமும் முடிந்திருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் தாள் அலமாரியிலேயே இருக்கட்டும். பிறப்பு இறப்புப் பதிவேடுகளையும் தீர்மானப் புத்தகங்களையும் மூன்றும் நிறைவேறினாலும் நான் அழிக்கச் சொல்ல மாட்டேன்.