எல்லோரும் சேர்ந்து எழுதும் விக்கியில் பங்களிப்பவர்களுக்கு நியாயமாகப் புள்ளி, பதக்கம், பரிசு கொடுப்பது எப்படி?

கேள்வியைப் படித்ததும் உங்கள் நிலைமை எனக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஊரைப் பற்றியோ கல்லூரியைப் பற்றியோ ஒரு விக்கி தொடங்கியிருப்பீர்கள், ஆரம்பத்தில் எல்லோரும் போட்டி போட்டு எழுதியிருப்பார்கள், இப்போது அண்மைய மாற்றங்கள் பக்கத்தைத் திறந்தால் உங்கள் பெயர் மட்டும்தான் வரிசையாக நிற்கும். சரி, பரிசு என்று ஏதாவது வைத்தால் ஆள் சேருமே என்று யோசிக்கிறீர்கள். சேரும். எப்படிப்பட்ட ஆள் சேரும் என்பதுதான் விஷயம்.

என் பதில் ஒன்றே ஒன்றுதான். மென்பொருள் தானாக எண்ணித் தருகிற எதற்கும் பரிசு வைக்காதீர்கள். தொகுப்பு (ஒருவர் செய்து சேமிக்கும் ஒவ்வொரு மாற்றமும்) எண்ணிக்கை, கட்டுரை எண்ணிக்கை, பைட்டு (எழுதியது கணினியில் பிடிக்கும் இடத்தின் அளவு), எதுவும் வேண்டாம். ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் உட்கார்ந்து படித்துப் பார்த்து, இந்த வேலைக்காக என்று சுட்டிக் காட்டிக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் சும்மா இருங்கள், அதுவே மேல்.

ஏன் இவ்வளவு சூடாகச் சொல்கிறேன் என்றால், தக்கலை, குலசேகரம் பக்கத்து ஆட்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து குமரி மாவட்டத்து ஊர், குளம், கோயில், சர்ச், பள்ளிக்கூடம் பற்றியெல்லாம் ஒரு விக்கி நடத்திக்கொண்டிருந்தோம். யாருக்கும் எதுவும் கிடையாது, மாலை வேலை முடிந்து வந்து எழுதுவோம். ஒரு அமைப்பு (பெயர் வேண்டாம்) பணம் தருகிறோம், போட்டி வையுங்கள் என்றது. புதுக் கட்டுரைக்கு இத்தனை புள்ளி, ஆயிரம் பைட்டுக்கு இத்தனை புள்ளி என்று அவர்களே கணக்கும் போட்டுத் தந்தார்கள். போட்டி தொடங்கிய வேகத்தில் ஒரு பையன் வந்தான். நல்ல பையன்தான், பார்த்தால் இப்போதும் டீ வாங்கித் தருவான். ஊர்ப் பட்டியல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இவ்வூர் கன்னியாகுமரி மாவட்டத்தில் அமைந்துள்ள எழில்மிகு ஊராகும். இங்கு பள்ளிகளும் வழிபாட்டுத் தலங்களும் உள்ளன. மக்களின் முக்கியத் தொழில் விவசாயம்" என்று மூன்று வரியை எழுதி, ஊர்ப் பேரை மட்டும் மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டே போனான். கடலைத் தவிர வேறு பிழைப்பே இல்லாத ஊருக்கும் முக்கியத் தொழில் விவசாயம். குளச்சலைக் கொண்டுபோய் விளவங்கோடு வட்டத்தில் வைத்திருந்தான், அது கல்குளம் வட்டம் என்று இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். புள்ளிப் பட்டியலில் அவன்தான் முதலிடம், கடைசி வரைக்கும்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். கட்டுரைக்குப் புள்ளி என்றார்கள், அவன் கட்டுரை போட்டான்.

அதே நாட்களில் எங்களோடு ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியர் இருந்தார், சாரு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். டிலனாய் பற்றி ஒரு கட்டுரை இருந்தது, அதுதான் 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியான டச்சுப் படை அதிகாரி. இறந்த ஆண்டு 1774 என்று யாரோ போட்டிருந்தார்கள். சாருக்குச் சந்தேகம். நேராகப் புலியூர்க்குறிச்சிக்குப் பஸ் ஏறி, உதயகிரிக் கோட்டைக்குள் டிக்கெட் எடுத்துப் போய், கூரை போன அந்தப் பழைய சிற்றாலயத்தில் இருக்கும் கல்லறை எழுத்தைப் படித்து, படமும் எடுத்துக்கொண்டு வந்து 1777 என்று மாற்றினார். நாலு போய் ஏழு வந்தது. கட்டுரையில் யார் எதை மாற்றினார்கள் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் அந்தத் தொகுப்புக்கு நேரே 0 என்று இருக்கும். ஒரு எண்ணை எடுத்து ஒரு எண்ணைப் போட்டால் பைட்டு மாறாது இல்லையா, அதனால் புள்ளியும் 0.

இன்னொரு கூத்து. திற்பரப்பு என்று ஒரு கட்டுரை, திருப்பரப்பு என்று ஒரு கட்டுரை, இரண்டும் ஒரே அருவி. இரண்டையும் சேர்த்து, திரும்பத் திரும்ப வந்ததை வெட்டி, ஒன்றை வழிமாற்றாக (அந்தப் பெயரைத் திறந்தாலும் மற்றக் கட்டுரைக்கே போகும்படி) ஆக்கினால் வாசிப்பவனுக்கு எவ்வளவு நல்லது. ஆனால் கணக்கில் சிவப்பு எழுத்தில் கழித்தல் குறி விழும். துப்புரவு செய்கிறவனுக்கு அபராதம், குப்பை போடுகிறவனுக்குப் பரிசு. அந்தத் துப்புரவு ஆள் நான்தான், அதனால் வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன் என்று சிலர் சொல்வீர்கள். இருக்கட்டும், வயிற்றெரிச்சலும் உண்டு, அதற்காகக் கணக்கு சரியாகிவிடுமா?

பைட்டு கணக்கில் இன்னொரு கோளாறு பலருக்குத் தெரியாது. யூனிகோடு தமிழை இந்தத் தளங்களில் சேமிக்கும்போது ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டு பிடிக்கும், மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளியும் கொம்பும் தனிக் குறி. "கன்னியாகுமரி" என்ற சொல் 36 பைட்டு. அதையே ஆங்கில எழுத்தில் Kanyakumari என்று அடித்தால் 11தான். ஆகவே நூலகத்தில் தேடி ஆங்கில நூலின் பெயர், பக்க எண் எல்லாம் போட்டு மேற்கோள் சேர்ப்பவருக்கு எழுத்துக்கு ஒரு பைட்டு, "இயற்கை எழில் கொஞ்சும் பசுமை நிறைந்த" என்று இழுப்பவருக்கு மும்மடங்கு. சொற்களை எண்ணினால் இந்த ஒரு சிக்கல் தீரும், மற்றதெல்லாம் அப்படியேதான் இருக்கும்.

இது நம்மூர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 2020 அக்டோபரில் திறமூல மென்பொருள்களுக்கு (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும், யாரும் திருத்தம் அனுப்பலாம்) பங்களித்தால் டீ-ஷர்ட் தருகிறோம் என்று ஹேக்டோபர்ஃபெஸ்ட் நடந்தது, நாலு திருத்தம் அனுப்பினால் போதும். ஒரு சொல்லை மாற்றி, ஒரு வரி சேர்த்து என்று குப்பைத் திருத்தங்களை அள்ளிக் கொட்டினார்கள். கடைசியில், நாங்கள் கலந்துகொள்கிறோம் என்று சொன்ன திட்டங்களுக்கு வரும் திருத்தம் மட்டுமே கணக்கு என்று விதியை நடுவிலேயே மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு சட்டைக்கே அந்தப் பாடு.

அப்படியென்றால் பதக்கமே கூடாதா என்று கேட்டால், அப்படிச் சொல்லவில்லை. விக்கிப்பீடியாவில் பயனர் பேச்சுப் பக்கத்தில் (ஒரு பயனருக்கு மற்றவர்கள் செய்தி எழுதும் இடம்) ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் பதக்கம் கொள்ளாம், நல்ல விஷயம்தான், அதற்குக் குழுவும் கிடையாது, பட்டியலும் கிடையாது, பார்த்தவர் கொடுக்கிறார். ஜெர்மன் விக்கிப்பீடியாவில் யானா காலஸ் என்ற ஆய்வாளர் புதியவர்களில் குலுக்கல் முறையில் சிலருக்கு மட்டும் பதக்கம் கிடைக்கச் செய்து பார்த்தார், கிடைத்தவர்கள் அடுத்த மாதமும் தொடர்ந்து எழுதியது சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது. காசு இல்லை, புனைபெயரில் எழுதுகிறவர்கள், வெளியே யாருக்கும் தெரியப் போவதும் இல்லை. ஆகவே உங்களிடம் கொஞ்சம்தான் தெம்பு இருக்கிறது என்றால் அதைப் புதிதாக வருகிறவர்களிடம் செலவழியுங்கள். பழைய ஆட்களுக்கு நீங்கள் பதக்கம் கொடுத்தாலும் எழுதுவார்கள், திட்டினாலும் எழுதுவார்கள்.

எழுதியது எத்தனை நாள் அழியாமல் நிற்கிறது என்று பார்த்துப் புள்ளி கொடுக்கலாமே என்று ஒரு யோசனை வரும். கலிபோர்னியாவில் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தார் விக்கிடிரஸ்ட் என்று அப்படி ஒன்று செய்தும் பார்த்தார்கள். லட்சம் பேர் படிக்கிற இடத்தில் அது ஓடும். உங்கள் விக்கி மாதிரி சின்ன இடத்தில் தப்பு நிற்பது சரியாக இருப்பதால் இல்லை, யாரும் படிக்காததால். குளச்சலை விளவங்கோட்டில் வைத்த அந்தத் தப்பு, போட்டி முடிந்த பிறகும் நெடுநாள் அப்படியே கிடந்தது.

அப்புறம் கணக்கிலேயே வராத ஆட்கள். ஒரு மீனவப் பெரியவர், சாளை, நெத்தோலி, அயிலை, வாளை என்று எந்த மீன் எந்த மாதம் படும், எதற்கு எந்த வலை என்றெல்லாம் சொல்லச் சொல்ல, அவர் பேத்தி போனில் அடித்து ஏற்றினாள். எங்கள் விக்கியிலேயே வேறெங்கும் கிடைக்காத பக்கம் அதுதான். பெரியவருக்குக் கணக்கும் இல்லை, பயனர் பெயரும் இல்லை. பேத்திக்கு ஆறுதல் பரிசு வந்தது, அதுவும் வேறு ஏதோ கட்டுரைக்கு.

பரிசளிப்பு விழாவை நாகர்கோவிலில் ஒரு மண்டபத்தில் வைத்தார்கள், அதைப் பற்றிக் கேட்காதீர்கள். நீங்கள் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். சிறப்பு விருந்தினர் வந்து சேரவே விளக்கு போடும் நேரமாகிவிட்டது. அவருக்குப் பொன்னாடை, அவரோடு வந்தவருக்குப் பொன்னாடை, பணம் கொடுத்தவருக்குக் கேடயம், மண்டபக்காரருக்கு நினைவுப் பரிசு, ஒவ்வொருவரும் பத்து நிமிஷம் தமிழ்த்தாய்க்கு என்ன செய்தோம் என்று பேச்சு. எழுதினவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். குலசேகரம் கடைசி பஸ்ஸை நினைத்து நான் பாதியில் எழுந்து வந்தேன். சாருடைய சான்றிதழை மறுநாள் யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள், அதில் அவர் பேரில் எழுத்துப் பிழை. தமிழாசிரியர் பேரில்! இப்படிப்பட்ட விழாக்களில் வருகிறவருக்கு மாலை, செய்தவருக்கு மிக்சர் என்பது இந்த மாவட்டத்தில் மட்டும் இல்லை, எல்லா இடத்திலும் அப்படித்தான், அது தனிக் கதை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எழுதுதல், சரிபார்த்தல், படம் எடுத்தல், துப்புரவு, தகவல் சொன்னவர் என்று தனித்தனியாக வையுங்கள், ஒன்றோடு ஒன்றைக் கூட்டி ஒரே பட்டியல் போடாதீர்கள். தகவல் சொன்னவர் பேரைக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்திலாவது, அவர் சம்மதத்தோடு, எழுதி வையுங்கள். பதக்கம் தருகிறவர் எந்தத் தொகுப்புக்காக என்று இணைப்பு கொடுத்தே ஆக வேண்டும். நடுவராக இருப்பவர் அந்த மாதம் போட்டியில் இருக்கக் கூடாது. விதியை நடுவில் மாற்றாதீர்கள்.

பணம் இருந்தால் பரிசாகக் கொடுக்காமல் செலவாகக் கொடுங்கள். 2018-இல் இந்திய மொழி விக்கிப்பீடியாக்களுக்கு வேங்கைத் திட்டம் நடந்தபோது கட்டுரைப் போட்டி ஒரு பக்கம், கணினி இல்லாத பங்களிப்பாளர்களுக்கு மடிக்கணினியும் இணையச் செலவும் இன்னொரு பக்கம் என்று இருந்தது. போட்டியைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், இரண்டாவது பக்கம் சரி என்றுதான் நான் சொல்வேன். உங்கள் அளவுக்கு ரீசார்ஜ், ஜெராக்ஸ், பழைய சிறப்பு மலர்களை ஸ்கேன் செய்ய ஆகும் காசு, கல்வெட்டு பார்க்கப் போகிறவருக்குப் பஸ் டிக்கெட், இவை போதும். ரசீது கேளுங்கள், ஆனால் பஸ் டிக்கெட் தொலைந்துபோனது என்று சொன்னால் நம்பிக் கொடுத்துவிடுங்கள்.