சி மொழியில் ஒரு சரத்தின் கடைசியில் இன்னொன்றை ஒட்ட ஸ்ட்ரன்கேட் (strncat) போட்டும் பஃபர் (சரத்தை வைக்கும் நினைவிடம்) வழிகிறதே, ஏன்?

ஸ்ட்ரன்கேட்டின் மூன்றாவது மதிப்பு பஃபரின் மொத்த அளவு இல்லை; புதிதாக எத்தனை பைட் ஒட்டலாம் என்பதுதான். உங்கள் 32 பைட் பஃபரில் ஏற்கெனவே 20 இருக்க, மறுபடி 32 என்றே கொடுத்திருக்கிறீர்கள். மிச்சம் 11தான், கடைசியில் சரத்தின் முடிவைக் குறிக்கும் பூஜ்ய பைட்டையும் அது சேர்க்குமே. குழப்பமான வடிவமைப்பு, உங்களைச் சொல்லிக் குற்றமில்லை.

நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு (AddressSanitizer) கம்பைல் செய்து ஓட்டிப் பாருங்கள், வழியும் வரியைக் காட்டிவிடும்.

என்னைக் கேட்டால், சரத்தை வடிவமைத்து பஃபரில் எழுதும் எஸ்என்பிரின்ட்எஃப் (snprintf) போடுங்கள். மொத்த அளவைக் கொடுத்தால் போதும். திருப்பித் தரும் எண் 32 அல்லது அதற்கு மேல் என்றால் சரம் வெட்டுப்பட்டிருக்கிறது. ஆனால் எழுதும் பஃபரையே உள்ளீடாகவும் கொடுக்காதீர்கள், விளைவுக்கு உத்தரவாதம் இல்லை.

அப்புறம், பஃபர் ஃபங்ஷனுக்குள் பாயின்டராக (அதன் முகவரியாக) வந்தால், அளவு சொல்லும் சைஸ்ஆஃப் (sizeof) பஃபரின் அளவைச் சொல்லாமல் பாயின்டரின் அளவை, 64 பிட் கணினியில் 8 என்றுதான் சொல்லும். அளவைத் தனியாக அனுப்புங்கள்.