கொட்டகையில் நிற்கும் மோரிஸ்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மலேசியாவின் தெலுக் இந்தானிலிருந்து எழுதுகிறேன். தோட்டத்தில் டிரெசராக (மருத்துவ உதவியாளராக) இருந்த என் அப்பா 1962ல் வாங்கிய மோரிஸ் மைனர் இன்னும் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. பத்து வருடமாக ஓட்டவில்லை. ஆனாலும் கதவைச் சாத்தினால் கணீரென்று சத்தம் வருகிறது. நான் வாங்கிய புதுக் காரில் ஏழே வருடத்தில் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் போய்விட்டது. அந்தக் காலத்து இரும்பின் பலம் இப்போது ஏது? மகன் மோரிஸை விற்கச் சொல்கிறான். என்ன செய்யலாம்?

- ச.

அன்புள்ள ச.,

விற்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் இரும்பின் பலம் என்று நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சுங்கை சிப்புட்டில் நான் வளர்ந்த தோட்டத்தில் பெரிய கிராணியிடமும் (தலைமை எழுத்தர்) ஒரு மோரிஸ் மைனர் இருந்தது. அப்பா தோட்டத்து லாரி ஓட்டுநர். பெரட்டு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்பு, இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் கிரீஸ் கன்னோடு அந்தக் காருக்கு அடியில் நுழைந்துவிடுவார். டார்ச் பிடிப்பது என் வேலை. முன்சக்கரத்தைத் தாங்கும் மூட்டில் பழைய கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கி வெளியேறி, புதுசு எட்டிப் பார்க்கும்வரை விடமாட்டார். காரணம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. மைனரில் அந்த மூட்டு ஒரு திருகு மறையில் நிற்கிறது. கிரீஸ் காய்ந்தால் மறை தேயும். தேய்ந்து கழன்றால் சக்கரம் மடிந்து வண்டி அப்படியே சாலையில் உட்கார்ந்துவிடும். அப்புறம், எஞ்சினுக்கு மின்பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாய்ண்ட். இரண்டு முனைகளுக்கு நடுவே ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஓட ஓட அது மாறும், கேஜ் வைத்துத் திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டும்.

இன்றைய கார் இதையெல்லாம் கேட்பதில்லை. அந்தக் காலத்துப் பல கார்களில் ஓடிய மைலைக் காட்டும் மீட்டரில் ஐந்து இலக்கம்தான்; லட்சத்தைத் தொட்டால் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். இப்போது இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரை நம் பட்டணத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பழைய கார்களில் பிழைத்து நிற்பவைதான் நம் கண்ணில் படுகின்றன. துருப்பிடித்து இரும்புக் கடைக்குப் போனவற்றை யார் எண்ணினார்கள்?

தகரம் கனமாக இருந்தால் உயிர் பிழைக்கலாம் என்பதும் சரியல்ல. 2009ல் அமெரிக்காவில் 1959ஆம் ஆண்டு செவர்லே பெல் ஏர் ஒன்றையும் புதிய செவர்லே மாலிபு ஒன்றையும் சோதனைக்காக நேருக்கு நேர் மோதவிட்டார்கள். நசுங்கியது பெல் ஏரின் ஓட்டுநர் இடம். புதிய காரில் ஆள் உட்காரும் இடம் பெரும்பாலும் அப்படியே இருந்தது.

சரி, உங்கள் ஆதங்கத்தில் நியாயமே இல்லையா? நிறைய இருக்கிறது. மைனரில் எது பழுதானாலும் திறந்து பார்க்க முடியும். உங்கள் புதுக் காரில் கெட்டது ஒரு மூடிய பெட்டி. அதைத் திறக்க யாரும் நினைக்கவில்லை, முழுசாக மாற்றச் சொல்லியிருப்பார்கள். நாம் இழந்தது இரும்பை அல்ல, திறந்து பார்க்கும் வழியை. அதோடு, ஒரே பொருளை விடாமல் செய்துகொண்டிருந்தார்கள். மைனரில் 1952 முதல் வந்த ஏ-சீரீஸ் எஞ்சின் 1951ல் ஆஸ்டின் காரில் அறிமுகமானது. மினி காரில் 2000 வரை ஓடியது. நம் ஊர் கப்சாயை, அந்தச் சின்ன மோட்டார் சைக்கிளைப் பாருங்கள். 1958ல் வந்த ஹோண்டா கப்பின் வழிவந்த வண்டி. பால்வாளியோடு செம்மண் பாதையில் போய், கெட்டால் வேப்பமர நிழலில் நான்கு ஸ்பானரில் சரியாகிவிடும். எந்தச் சின்னக் கடையிலும் சாமான் கிடைக்கும்.

உங்கள் மோரிஸுக்கும் புது உதிரிப் பாகங்கள் இங்கிலாந்தில் இன்னும் கிடைக்கின்றன. ஸ்டார்ட் செய்ய அவசரப்படாதீர்கள். முதலில் தரைத் தகட்டையும் பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்தையும் ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நம் ஈரக்காற்றில் துரு அங்கேதான் ஒளிந்திருக்கும். பிறகு முன்சக்கர மூட்டைக் கழற்றி மறையைப் பாருங்கள். டார்ச் பிடிக்க மகனைக் கூப்பிடுங்கள்.