பர்மா வானில் சிவப்பு வட்டம் கிடையாது: மாதிரி விமானம் வாங்குவோர் கேள்வி-பதில்

போர்க்கால விமானங்களின் மாதிரிகளைச் செய்பவர்கள் சித்தூர் தாலுகாவில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் புதுச் செய்தி. ஒரே விஷயத்தைச் சுற்றி நான்கு கடிதங்கள் வந்திருக்கின்றன. வண்ணமும் சின்னமும் சரியா, கொடுத்த காசுக்கு உரிய பொருள் வந்ததா என்பதுதான் நான்கிலும் கேள்வி. எனக்கும் இந்த விமானங்கள் மேல் பல வருடப் பிரியம் உண்டு. அதனால் இந்த வாரப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகன் 1/72 அளவில் ஒரு ஹரிக்கேன் விமானம் செய்கிறான். அதற்காக இணையக் கடை ஒன்றில் 650 ரூபாய்க்கு டெக்கால் தாள் (மாதிரியில் ஒட்டும் சின்னங்களை அச்சிட்ட தாள்) வாங்கினோம். ‘இந்திய விமானப்படை, பர்மா, 1944, வரலாற்றுத் துல்லியம்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். வந்த தாளில் நடுவில் சிவப்பு, வெளியே மஞ்சள் வளையம் உள்ள வட்டங்கள் இருக்கின்றன. அது தவறு என்கிறார் மகனின் ஆசிரியர். உறையைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்கிறது கடை. யார் சொல்வது சரி?
(கொழிஞ்சாம்பாறை வாசகர்)

ஆசிரியர் சொல்வதுதான் சரி. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

சிவப்பு மையமும் மஞ்சள் வளையமும் கொண்ட வட்டம் பொய்யான சின்னம் அல்ல. அதே ஆண்டுகளில் இங்கிலாந்திலிருந்து பறந்த விமானங்களுக்கு அது பொருந்தும். பர்மாவில் நிலைமை வேறு. அங்கே எதிரில் வந்த ஜப்பானிய விமானங்களின் சின்னமே முழுச் சிவப்பு வட்டம். பார்த்த நொடியில் சுடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய விமானிக்கு, தன் தரப்பு விமானத்தில் சிவப்பு தெரிந்தால் அது உயிர்ச் சிக்கல். அமெரிக்கர்கள் தங்கள் வெள்ளை நட்சத்திரத்தின் நடுவில் இருந்த சிவப்புப் புள்ளியை 1942 மே மாதத்திலேயே எடுத்துவிட்டார்கள். பிரிட்டிஷ் விமானங்களும் இந்திய விமானப்படை விமானங்களும் இந்தப் போர்முனையில் 1943 நடுவாக்கில் சிவப்பைக் கைவிட்டன. வெளியே கருநீலம், உள்ளே வெளிர்நீலம், அவ்வளவுதான். வால் செங்குத்தில் வரும் பட்டையும் அப்படியே மாறியது. உள்ளே வெறும் வெள்ளையை வைத்தால் கரும்பச்சை உடம்பில் அது தூரத்திலிருந்தே பளிச்சென்று காட்டிக்கொடுக்கும் என்பதால் அதில் நீலம் கலந்தார்கள்.

அர்ஜன் சிங் தலைமையில் இந்திய விமானப்படையின் முதலாவது ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) ஹரிக்கேன்களுடன் பர்மா எல்லையை ஒட்டிய இம்பாலுக்குப் போனது 1944 பிப்ரவரியில். உங்கள் மகன் செய்ய விரும்புவது அந்த விமானம் என்றால், வந்த தாள் அதற்கு உதவாது. உடம்பின் வண்ணத்தையும் இப்போதே கவனியுங்கள். ஐரோப்பாவில் 1941 ஆகஸ்ட் முதல் பகல்நேரப் போர் விமானங்களில் மண்ணிறம் போய்ச் சாம்பல் நிறம் வந்தது. பல பெட்டிகளில் வரும் வழிகாட்டித் தாள் அந்தச் சாம்பலைத்தான் காட்டும். பர்மா ஹரிக்கேன்களின் மேற்பக்கத்தில் பொதுவாக இருந்தது பழைய கரும்பச்சையும் மண்ணிறமும். அடிப்பக்கம் எல்லா விமானத்திலும் ஒன்றுபோல இருக்கவில்லை. தேர்ந்தெடுத்த விமானத்தின் புகைப்படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த தாளை வாங்கும் முன் வட்டத்தின் அளவையும் சரிபாருங்கள். நேர்ப் பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்றை அச்சிட்டு, மகனிடம் அடிக்கோலைக் கொடுங்கள். படத்தில் மூக்கிலிருந்து வால்வரை 120 மில்லிமீட்டர், வட்டம் 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வட்டம் நீளத்தில் 24இல் ஒரு பங்கு. ஹரிக்கேனின் நீளம் சுமார் 9.8 மீட்டர், ஆகவே உண்மையான வட்டம் சுமார் 41 சென்டிமீட்டர். அதை 72ஆல் வகுத்தால் மாதிரியில் 5.7 மில்லிமீட்டர் வரும். உங்களுக்கு வந்த தாளில் வட்டம் இதைப்போல இரு மடங்கு இருந்தால், நிறத்தோடு அளவும் தவறு என்று தெளிவாக எழுதலாம்.

இனி காசு விஷயம். ‘பிரித்துவிட்டால் திரும்பாது’ என்ற பேச்சு இங்கே எடுபடாது. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லாவிட்டால் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் விற்பனையாளரைக் கட்டுப்படுத்துகின்றன. பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? விளம்பரப் பக்கத்தை அது மாறும் முன்பே படமெடுத்து வையுங்கள். அதையும் வந்த தாளின் படத்தையும் சேர்த்து, அந்த இணையதளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். நகரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை சென்னையில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் பாலக்காட்டிலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். 650 ரூபாய்க்கு இத்தனை பாடா என்று விட்டுவிடாதீர்கள். ‘வரலாற்றுத் துல்லியம்’ என்ற சொல்லுக்காகத்தான் நீங்கள் கூடுதல் விலை கொடுத்தீர்கள்.

கேள்வி: என் தாத்தா போர்க்காலத்தில் சூலூரில் ஃபிட்டராக வேலை பார்த்தார். அவர் ஒரு விமானத்தின் முன் நிற்கும் கறுப்பு-வெள்ளைப் படம் வீட்டில் இருக்கிறது. ஸ்டுடியோ ஒன்றில் 1,500 ரூபாய் கொடுத்து அதை வண்ணப்படமாக மாற்றினேன். வட்டத்தின் நடுப்பகுதி வெள்ளையாக வந்திருக்கிறது. இறக்கைகள் உடம்பருகே வளைந்து மேலே எழுகின்றன. இந்த வண்ணப்படத்தை வைத்து மாதிரி செய்யலாமா?
(வேலந்தாவளம் வாசகி)

உங்கள் கையில் இருப்பது பொக்கிஷம் அம்மா. முதல் வேலையாக மூலப் படத்தின் இரு பக்கங்களையும் ஸ்கேன் செய்துவிட்டு, இனி அதை எந்தக் கடைக்கும் கொடுக்காதீர்கள். பின்பக்கத்தில் ஸ்டுடியோ முத்திரையோ தேதியோ பென்சில் எழுத்தோ இருந்தால், முன்பக்கத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

வளைந்து எழும் இறக்கை என்றால் அது பெரும்பாலும் கோர்சேர் என்ற அமெரிக்கத் தயாரிப்புப் போர் விமானம். சூலூரில் அன்று பிரிட்டிஷ் கடற்படையின் விமானத்தளம் இருந்தது. கோவையில் கடற்படை விமானங்களைப் பழுதுபார்க்கும் நிலையம் இருந்தது. கப்பலில் பிரித்து வந்த விமானங்களைப் பொருத்தும் கூடம் கொச்சியில் இருந்தது. கொச்சியிலிருந்து கோவைக்குப் பறக்க வேண்டுமானால் பாலக்காட்டுக் கணவாய்தான் இயல்பான வழி. வேலந்தாவளத்துப் பனைமரங்கள் அந்த இரைச்சலைக் கேட்டிருக்கும்.

வண்ணப்படத்தை நம்ப வேண்டாம். மென்பொருள் அந்த நிறத்தைக் கண்டுபிடிக்கவில்லை, ஊகித்திருக்கிறது. அந்தக் காலத்துப் படச்சுருள்களில் ஒரு வகை சிவப்பொளியை உணராது. அதில் சிவப்பு கறுப்பாக விழும், மஞ்சளும் கருமையாகத் தெரியும், நீலம் வெளுத்துப்போகும். உங்கள் தாத்தா படத்தின் வெளிர்நீல மையம் வெள்ளையாகத் தெரிவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். இன்னொரு வகைச் சுருள் எல்லா நிறத்தையும் ஓரளவு ஒழுங்காகப் பதியும். எந்தச் சுருள் என்று அறிய ஒரு வழி உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, முன்விசிறியின் நுனிகளைப் பாருங்கள். விசிறித் தகடு கறுப்பு, நுனி மஞ்சள், இது நேச நாட்டு விமானங்களின் பொது வழக்கம். நுனி வெளிறித் தனியாகத் தெரிந்தால் அது நல்ல சுருள். நுனியே தெரியாமல் தகடோடு கறுப்பில் கரைந்திருந்தால் முதல் வகை. அப்போது படத்தில் உள்ள வேறெந்த நிறத்தையும் கண்ணால் பார்த்தபடி எடுத்துக்கொள்ளக் கூடாது.

கிட் (மாதிரியின் பாகங்கள் கொண்ட பெட்டி) வாங்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டே பணம் கொடுங்கள். முதலாவது, அது பிரிட்டிஷ் கடற்படைக் கோர்சேரா? அவர்களின் கப்பல்களில் விமானக் கூடத்தின் கூரை தாழ்வு. மடித்த இறக்கை இடிக்காமல் இருக்க ஒவ்வொரு நுனியிலும் எட்டு அங்குலம் வெட்டினார்கள். 1/72இல் அது 2.8 மில்லிமீட்டர்தான். ஆனாலும் மேலிருந்து பார்த்தால் உருவமே மாறிவிடும், உருண்ட நுனி தட்டையாகிவிடும். அமெரிக்க வகைக் கிட்டை வாங்கினால் நீங்களே ரம்பத்தை எடுக்க வேண்டும். இரண்டாவது, எந்த ஆண்டு? முந்தைய கோர்சேர்களின் மேற்பக்கத்தில் இருவகைச் சாம்பல், அடிப்பக்கத்தில் வெளிர்ப்பச்சை சாயலுள்ள ‘ஸ்கை’ நிறம். பிற்பாடு வந்தவற்றில் பல, உடம்பு முழுக்கப் பளபளக்கும் கருநீலம். கறுப்பு-வெள்ளைப் படத்தில் இவற்றைப் பிரித்தறிவது எளிது. இறக்கையில் இரண்டு தொனி தெரிகிறதா, அடிவயிறு வெளுத்திருக்கிறதா, அல்லது மேலும் கீழும் ஒரே கருமையில் வானத்தின் ஒளி பட்டு மினுங்குகிறதா என்று பாருங்கள். மூன்றாவது, வட்டத்தின் இருபுறமும் வெள்ளைப் பட்டைகள் இருக்கின்றனவா? இருந்தால் அது 1945இல் பசிபிக் கடலுக்குப் போன பிரிட்டிஷ் கப்பற்படையின் வழக்கம்.

ஸ்டுடியோவிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்றும் கடித முடிவில் கேட்டிருக்கிறீர்கள். ‘அசல் நிறம்’ என்று ரசீதிலோ செய்தியிலோ எழுதித் தந்திருந்தால் கேளுங்கள். வாய்வார்த்தை மட்டும் என்றால் நிரூபிப்பது கடினம்.

கேள்வி: வெளிநாட்டுப் பெயிண்ட் தொகுப்பு ஒன்று, ஆறு குப்பிகள், 2,400 ரூபாய். குப்பியில் ‘எஃப்.எஸ்.’ எண் போட்டிருந்ததால் நம்பி வாங்கினேன். அதே எண் போட்ட இன்னொரு கம்பெனிக் குப்பி வேறு நிறமாக இருக்கிறது. எது அசல்? ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தெளிக்கும் கருவி) அடித்தால் மணல்போலச் சொரசொரப்பாகவும் படிகிறது. பெயிண்ட் கெட்டதா?
(மீனாட்சிபுரம் வாசகர்)

எஃப்.எஸ். 595 என்பது அமெரிக்க அரசு 1956இல் வெளியிட்ட வண்ண அட்டைத் தொகுப்பு. போர் முடிந்தது 1945. ஆகவே அந்த எண் போர்க்கால வண்ணத்தின் பெயர் ஆகாது. ‘இதற்கு மிக நெருங்கிய பின்னாள் அட்டை இது’ என்று ஒருவர் தேர்ந்து சொன்னதுதான். இரண்டு கம்பெனிகள் இரண்டு விதமாகத் தேர்ந்திருக்கலாம், அல்லது ஒரே அட்டையை இரண்டு விதமாகக் கலந்திருக்கலாம். போர்க்காலத்திலேயே ஒரே பெயருள்ள பெயிண்டைப் பல தொழிற்சாலைகள் காய்ச்சின. அமெரிக்காவில் கட்டி பிரிட்டனுக்கு அனுப்பிய விமானங்களுக்கு, பிரிட்டிஷ் நிறத்துக்கு ஈடான அமெரிக்கப் பெயிண்டையே அடித்தார்கள். பிறகு பர்மா வெயிலும் மழையும் வேறு.

அதனால் குப்பி எண்ணுக்கு அதிக விலை கொடுக்காதீர்கள். ‘ஸ்கை’யை ‘டைப் எஸ்’ என்று போட்டு, அதுதான் உயர்ந்த ரகம் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எஸ் வழவழப்பான மேற்பூச்சைக் குறித்த எழுத்து, நிறத்தைக் குறித்தது அல்ல. வெள்ளை பிளாஸ்டிக் கரண்டி ஒன்றில் அடித்து உலரவிட்டு, காலைப் பத்து மணி வெயிலில் முற்றத்தில் வைத்துப் பாருங்கள். அதே கரண்டி எல்.இ.டி. குழல்விளக்கின் கீழ் வேறு நிறம் காட்டும். இரண்டு குப்பிகளையும் ஒரே வெளிச்சத்தில் ஒப்பிடாமல் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

சொரசொரப்புக்குப் பெரும்பாலும் நம் ஊர்க் காற்றே காரணம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் கணவாய்க் காற்று வறண்டு அடிக்கும்போது, பெயிண்ட் துளி மாதிரியின் மேல் படியும் முன்பே பாதி உலர்ந்துவிடுகிறது. விடியற்காலையில், சன்னலைச் சாத்திக்கொண்டு, பெயிண்டை வழக்கத்தைவிட நீர்க்கக் கலந்து, கிட்டத்தில் பிடித்து அடியுங்கள். உலர்வதைத் தாமதப்படுத்தும் திரவம் சில சொட்டு சேருங்கள். நெடி வீசும் கரைப்பான் வகை என்றால் மூடிய அறையில் அடிக்கவே கூடாது, பலத்த காற்று நேரே அடிக்காத திறந்த தாழ்வாரத்துக்குப் போங்கள். அந்த வகை எளிதில் தீப்பற்றும் என்பதால் விமான அஞ்சலிலும் ஏற்றமாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து அதை வரவழைத்துத் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால், எந்த வழியில் வரும் என்று முதலில் கேளுங்கள்.

இறக்குமதிக் குப்பியின் பொதியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும். உங்கள் பெட்டியில் அவை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சொரசொரப்பைவிட அதுவே வலுவான புகார்.

கேள்வி: வண்ண ஓவியங்கள் நிறைந்த வெளிநாட்டுப் பழைய புத்தகம் ஒன்று 4,500 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா?
(கொல்லங்கோடு வாசகர்)

விற்பவரிடம் உள்பக்கங்கள் நான்கைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு வண்ண ஓவியத்துக்கும் அதே விமானத்தின் புகைப்படம், இடம், தேதி, வரிசை எண் கொடுத்திருந்தால் வாங்குங்கள். ஓவியம் மட்டும் என்றால் 4,500 அதிகம், அது ஓவியரின் முடிவு மட்டுமே. லண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் புகைப்படத் தொகுப்பில் ஒரு பகுதியை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். டெல்லி பாலம் அருங்காட்சியகத்துக்குப் போனால் ஹரிக்கேனையும் லைசாண்டரையும் நேரில் பார்க்கலாம். உருவத்துக்கும் அளவுக்கும் அவை மிக நல்ல சான்று. நிறத்துக்கு அல்ல, பிற்காலத்தில் மறுபடி பெயிண்ட் அடித்தவை அவை. புத்தகத்தைச் சோதிக்க இன்னொரு வழியும் உண்டு. இந்திய விமானப்படையின் காவி-வெள்ளை-பச்சை வட்டம் 1950இல் வந்தது, அதற்கு முன் சில ஆண்டுகள் அசோகச் சக்கரம் இருந்தது. நீங்கள் வாங்க நினைக்கும் புத்தகத்தில் 1947 காஷ்மீர்ப் போரில் பறந்த டெம்பெஸ்ட் விமானத்துக்கு மூவண்ண வட்டம் வரைந்திருந்தால், அதை வாங்காமல் விட்டுவிடுங்கள்.