தடுப்புத் தகடு வளைந்தால் நல்லதா?

கேள்வி: கல்லட்டி மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு பயம். கல் கட்டைச் சுவர் இருக்க, வளையும் இரும்புத் தகடு எதற்கு?
– வாசகர், கோத்தகிரி

பதில்: வளையத்தான் வேண்டும். மோதும் வேகத்தைத் தகடும் தூணும் நசுங்கி வாங்கிக்கொள்ளும். கல்சுவர் வாங்காது, வண்டியில் இருப்பவர்தான் வாங்குவார். ஆனால் தூணைப் பாருங்கள். 1.8 மீட்டர் தூணில் 1.1 மீட்டர் மண்ணுக்குள் இருக்கவேண்டும், 2 மீட்டருக்கு ஒன்று. நம் மலையில் சரிவின் விளிம்பிலேயே நட்டுவிடுகிறார்கள். ஐப்பசி மழையில் பின்மண் கரைந்தால் கையால் தள்ளினாலே ஆடும். அப்புறம் அது தடுப்பா, வேலி அலங்காரமா?

தகடுகள் சேரும் இடத்தில், அந்த ஓரமாக வரும் வண்டி முதலில் கடக்கும் தகடுதான் சாலைப் பக்கம் தெரியவேண்டும். மாற்றிப் பூட்டினால் அடுத்த தகட்டின் விளிம்பு கதவைக் கிழிக்கும். மொட்டையாக விட்ட முனையோ ஈட்டிதான். அதை வெளிப்பக்கம் வளைத்து மண்மேட்டுக்குள் புதைக்கவேண்டும்.