புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கருக்கு ஸ்டாண்ட் எந்த உயரத்துல வாங்கணும்? வேற என்ன பாக்கணும்?

மொதல்ல நீங்க பாட்டு கேக்குற சோபாவுல சாஞ்சு உக்காந்துட்டு, தரையிலருந்து காது வரைக்கும் டேப்ல அளக்க சொல்லுங்க, பெரும்பாலும் 90–100 செ.மீ. வரும். ட்வீட்டர் (ஸ்பீக்கர்ல கீச்சு சவுண்டு தர்ற சின்ன வட்டம்) ஏறக்குறைய அந்த உயரத்துல இருக்கணும், ஏன்னா அந்த ஹை ஃப்ரீக்வென்சி சவுண்டு அகலமா பரவாது, நேரா அடிக்கும், ரொம்ப மேலயோ கீழயோ போனா பாட்டு மங்கிடும். ஸ்பீக்கரோட அடியிலருந்து ட்வீட்டர் நடு வரைக்கும் அளந்து காது உயரத்துலருந்து கழிச்சா ஸ்டாண்ட் உயரம் வந்துரும். கடைல சாதாரணமா கிடைக்கிற 24 இன்ச் நிறைய வீட்டுக்கு ஒத்துவரும், தாழ்வான திவான்ல உக்கார்றவங்களுக்கு அது அதிகம்.

உயரத்தை விட வெயிட்டதான் ஆளுங்க கண்டுக்கிறதில்ல. பாட்டுல பேஸ் (தம் தம்னு வர்ற கனமான சவுண்டு) அடிக்கும்போது லேசான ஸ்டாண்ட் தானும் சேர்ந்து அதிரும். உள்ள காலியா இருக்குற இரும்புத் தூண் வச்ச ஸ்டாண்ட் வாங்கி நல்லா காஞ்ச மணலை நிரப்புங்க (ஈரம் இருந்தா துரு பிடிக்கும்), காசு கம்மி, பலன் ஜாஸ்தி. ஸ்பீக்கருக்கும் மேல் தட்டுக்கும் நடுவுல நாலு மூலைலயும் ப்ளூ டாக் (களிமண் மாதிரி ஒட்டுற பசை) உருண்டை வச்சு அழுத்திட்டா நகராது.

ஸ்டாண்டு கூடவே வர்ற ஸ்பைக் (கூரான ஆணி மாதிரி கால்) கார்ப்பெட் தரைக்குதான். டைல்ஸ்ல அது கீறிடும், ரப்பர் கால் போட்டுக்கோங்க. குட்டிப் பசங்க ஓடுற வீடுன்னா அடித்தட்டு அகலமா இருக்குறதா பாருங்க, அழகெல்லாம் அப்புறம்.